கனடா லப்டொப்பும் புது ரவுட்டரும்

2010ல் அண்ணா ரொறன்ரோவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்த லப்டொப் இது. கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், 32 பிற் விண்டோஸ் 7. மூடியைத் திறந்தால் பின்னால் ஒரு புத்தகம் முட்டுக்கொடுக்க வேண்டும். பற்றறி செத்துப் பல வருடம்; கரண்ட் இருந்தால்தான் உயிர். ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்: பாமினி. ரியூசனுக்கு நான் அடித்த வினாத்தாள்கள் எல்லாம் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. இப்போது எல்லாரும் பாவிக்கும் பொது எழுத்துமுறையான யுனிகோட்டுக்கு மாற்றலாம்தான். எழுத்து மாறிவிடும், கணக்கும் படமும் அட்டவணையும் இருந்த இடத்தில் இருக்காது. ஒரு தாளைச் சரிப்பண்ண ஒரு பின்னேரம் போய்விடும்.

ஆகவே லப்டொப் இருக்கிறது. அதை வீட்டு இன்ரநெற்றோடு சேர்த்து வைத்திருக்கத்தான் இத்தனை பாடு.

முதற் கோளாறு 2022ல் வந்தது. அந்த மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது நினைவிருக்கும். கரண்ட் வந்ததும் லப்டொப்பைப் போட்டால் வைபை அடையாளம் முழுதாக நிற்கும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சிவப்பில் வரும். ரவுட்டரை எத்தனை தரம் நிறுத்திப் போட்டேனோ தெரியாது. கடைசியில் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தேன்: 2009 சனவரி 1. அந்தத் திகதியில் நிற்கும் கணினிக்கு 2022ல் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, எப்படி ஏற்கும்?

பெரிய பற்றறி செத்தபிறகு, கரண்ட் நிற்கும்போது நேரத்தைக் காப்பது உள்ளே இருக்கும் காசளவு பற்றறி ஒன்றுதான். அதுவும் தீர்ந்துவிட்டது. விண்டோஸ் தானே இன்ரநெற்றில் பார்த்து நேரத்தைச் சரிசெய்யாதா என்றால், வித்தியாசம் 15 மணித்தியாலத்துக்கு மேல் போனால் வழக்கமான அமைப்பில் அது கைவைக்காது. திகதியை நானே மாற்றினேன், எல்லாம் திறந்தது. பிறகு பற்றறியையும் மாற்றினேன். என்னுடையதில் இருந்தது சிஆர்2032தான், ஆனால் இரண்டு வயர் வைத்து உறை போட்டது. வெறும் பற்றறியை வாங்கி வீட்டில் வயர் ஒட்டப் பார்க்காதீர்கள், சூட்டில் அது வெடிக்கக்கூடும்.

அந்த வருடம் ஐப்பசியில் விழுந்த இடி ஒன்று ரவுட்டரின் வயர் துளைகளை எரித்தது. ரவுட்டரில் செருகியிருந்த குற்றத்துக்கு லப்டொப்பின் வயர் துளையும் போனது. இனி வைபை மட்டும்தான். 2023 தொடக்கத்தில் புது ரவுட்டர் வந்தது. அக்காவின் மகன் வந்து ஒரு மணித்தியாலத்தில் எல்லார் போனையும் இணைத்துவிட்டான். லப்டொப் மட்டும் மாட்டேன் என்றது.

"மாமா, உதைத் தூக்கிக் கிணத்துக்கை போடுங்கோ" என்றான்.

கிணற்றில் போடவில்லை. வைபைப் பெயர் பட்டியலில் தெரிந்தது, பாஸ்வேர்ட் சரி, ஆனால் ஒட்டவில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பாதுகாப்பு என்ற இடத்தில் வைபையின் பூட்டு முறைகளான டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்து இருந்தது. டபிள்யூபிஏ3 வந்தது 2018ல்; விண்டோஸ் 7க்கு அது தெரியவே தெரியாது. கலந்து வைத்தால் பழையதும் இணையும் என்பது கணக்கு. என் லப்டொப்புக்குள் வைபையைப் பிடிக்கும் காட் அந்தக் கணக்கை விளங்கிக்கொள்ளவில்லை. தனி டபிள்யூபிஏ2, அதற்குள் மறையாக்க முறை ஏஇஎஸ் என்று மாற்றினேன். பக்கத்தில் டிகேஐபி என்றும் ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள்: பாதுகாப்பும் குறைவு, வேகமும் செக்கனுக்கு 54 மெகாபிற்றுக்கு மேல் ஏறாது. சிலர் பாஸ்வேர்ட்டையே எடுத்துவிட்டுத் திறந்து விடுகிறார்கள். ஒழுங்கையில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கேற்றைத் திறந்து வைப்பது மாதிரித்தான் அது.

மாற்றிய பிறகும் இணையவில்லை! சேமித்து வைத்த விபரம் இந்த வலையமைப்போடு பொருந்தவில்லை என்று ஒரு செய்தி. லப்டொப் பழைய அமைப்பையே நினைவில் வைத்துக்கொண்டு நின்றது. சேமித்த பெயரை அழித்துப் புதிதாகப் பாஸ்வேர்ட் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது. இடையில் மருமகன் வைபைக்குத் தமிழில் பெயர் வைத்துப் பார்த்தான். போன்களில் வடிவாகத் தெரிந்தது. லப்டொப்பில் ஏதோ கிறுக்கல். அந்தப் பெயருக்கு 32 பைட்தான் இடம், தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும், ஆகவே பெரிய பெயர் வைக்கவும் ஏலாது. ஆங்கிலத்துக்கே திரும்பினோம்.

சேர்ந்தது, ஆனால் இன்ரநெற் இல்லை. இந்த இடத்தில்தான் நான் ஒரு பழக்கத்துக்கு வந்தேன். "கனெக்ற் ஆகேல்லை" என்று சொல்வது "சுகமில்லை" என்று சொல்வது போல. எங்கே நோகிறது என்று சொல்லவேண்டும். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகொன்பிக் என்று அடித்தால் கணினியின் ஐபி இலக்கம், அதாவது வலையமைப்பில் அதன் முகவரி, தெரியும். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து இலக்கம் வரவில்லை, கணினி தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. ரவுட்டரின் வரிசையிலேயே இலக்கம் வந்து, ரவுட்டர் கேட்கிறதா என்று பார்க்க அடிக்கும் பிங் கட்டளைக்கும் பதில் வந்தால் வீட்டுக்குள் பிழை இல்லை. திகதி, பிரவுசர், வெளி இணைப்பு என்று பார்க்கவேண்டும். எனக்கு வந்தது இரண்டும் இல்லை: 192.168.8.50. பழைய ரவுட்டர் 192.168.8 வரிசையில் இருந்தபோது, மற்றக் கணினியிலிருந்து கோப்பு எடுக்க வசதி என்று நானே நிரந்தரமாகப் போட்ட இலக்கம்! புது ரவுட்டர் 192.168.1 வரிசை. தானாக எடு என்று மாற்றினேன், ஒரு நிமிடத்தில் முடிந்தது. யாரைத் திட்டுவது?

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நிம்மதி. பிறகு வந்ததுதான் என்னை மூன்று கிழமை அலைக்கழித்தது.

ஒரு மழை நாள் பின்னேரம் பட்டியலில் எங்கள் வைபையின் பெயரே இல்லை. பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் நிற்கின்றன. போன்களுக்கோ ஒரு குறையும் இல்லை. எங்களுடையது பழைய கல்வீடு, சுவர் ஒரு முழம் தடிப்பு. மழை ஈரத்தில் சுவர் அலையைக் குடித்துவிட்டது என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்தேன். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டருக்குக் கீழேயே வைத்தேன். தெரியவில்லை. அடுத்த நாள் கரண்ட் நின்று வந்தது, பெயரும் வந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி இல்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன்.

"சேர், காட் செத்துப்போச்சுது. டொங்கிள் ஒண்டு வாங்குங்கோ" என்றார் அந்தத் தம்பி. வெளியே செருகும் சின்ன வைபைக் கருவியைத்தான் சொன்னார்.

வாங்கத்தான் போனேன். ஆனால் செத்த காட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெயர் எப்படித் தெரிகிறது? வீட்டுக்கு வந்து என் போனில் ஹொட்ஸ்பொட் போட்டேன். லப்டொப் உடனே பிடித்தது. ஆக, காட் நல்ல சுகம். இனிச் சந்தேகம் ரவுட்டரில்தான். மருமகனின் போனில் வைபையின் சனல் இலக்கம், அதாவது அது எந்த அலைவரிசையில் நிற்கிறது என்று, காட்டும் செயலி ஒன்று இருந்தது. பார்த்தால் எங்கள் ரவுட்டர் 13ஆம் சனலில் நிற்கிறது.

அப்போதுதான் பொறி தட்டியது. லப்டொப் கனடாவில் வாங்கியது. வட அமெரிக்காவில் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபைக்கு 1 முதல் 11 வரைதான் சனல். அங்கே விற்கும் வைபை காட்களில் பல அதற்கு மேலே தேடுவதே இல்லை. மற்றப் பல நாடுகளில் 13 வரை உண்டு. எங்கள் ரவுட்டர் சனலைத் தானே தெரிவு செய்யும்படி இருந்தது. ஒழுங்கையில் ரவுட்டர்கள் பெருகி 1ம் 6ம் 11ம் நெரிசலாக, அது ஒதுங்கி 13க்குப் போயிருக்கிறது. கரண்ட் நின்று வரும்போது திரும்பவும் தெரிவு செய்யும். 11க்குள் விழுந்தால் லப்டொப்புக்கு அன்று நல்ல நாள். மழைக்கும் சுவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சனலை 6 என்று நிரந்தரமாக வைத்தேன்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த லப்டொப் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. போனுக்குத் தெரிகிற பெயர் அதற்கு மட்டும் தெரியாவிட்டால் முதலில் சனலைப் பாருங்கள். பெயரின் முடிவில் 5ஜி என்று வரும் மற்றப் பெயரைத் தேடி மினக்கெட வேண்டாம், அது 5 கிகாஹேர்ட்ஸ் வைபை; 2.4 மட்டும் உள்ள பழைய வைபை காட்டுக்கு அது என்றைக்கும் தெரியாது.

இப்போது இணைப்பு உறுதியாக நிற்கிறது. ஆனால் இன்ரநெற்றில் இதனால் பெரிய உபகாரம் இல்லை. விண்டோஸ் 7க்கு மைக்ரோசொப்ட் தந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14ஓடு நின்றுவிட்டன. குரோம் பிரவுசர் 109ஆம் பதிப்போடு நின்றது. நான் வைத்திருப்பது பயர்பாக்ஸ் 115. வங்கி வேலை எதையும் இதில் செய்வதில்லை, மெயிலின் பாஸ்வேர்ட்டையும் சேமித்து வைப்பதில்லை. வினாத்தாளைப் பிடிஎப் ஆக்கி மற்றக் கணினிக்கு அனுப்புவேன், அவ்வளவுதான்.

ரவுட்டரின் தலையில் "சனல் 6, தொடக்கூடாது" என்று ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன். போன மாதம் மருமகன் வேகம் கூட்டுகிறேன் என்று உட்கார்ந்தவன், அதைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனான்.