பிளக்கும் படகா, வழுக்கும் படகா?

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியின் குறிகட்டுவான் துறையில் நின்றால் இரண்டு வகைப் படகும் கண்ணில் படும். நெடுந்தீவுக்கு ஆளும் சாமானும் ஏற்றும் கனத்த டீசல் படகு நீரைப் பிளந்துகொண்டு போகும். வெளியே எஞ்சின் மாட்டிய கண்ணாடியிழைப் படகோ வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கி நீர்மேல் வழுக்கும்.

பிளக்கும் படகின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது படகு நீர்மட்டத்தைத் தொடும் இடத்தின் நீளத்தை, அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் எல்லை நொட் கணக்கில் வரும். 36 அடிக்கு ஏறத்தாழ 8 நொட், அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீற்றர். அதற்கு மேல் குதிரைவலுவைக் கூட்டினால், தான் எழுப்பிய அலையிலேயே ஏற முடியாமல் திணறிக்கொண்டு டீசலைத்தான் குடிக்கும்.

வழுக்கும் படகு 20 நொட்டையும் தாண்டும். ஆனால் பாரம் கூடினால் எழும்பாது. எரிபொருள் செலவும் கையைக் கடிக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் ஒவ்வோர் அலைக்கும் எங்கள் முதுகெலும்புதான் பதில் சொல்லும். ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிடலாம், களப்பில் அது பெரிய வசதி.

நாலைந்து பேர், அமைதியான கடல் என்றால் வழுக்கலாம். சீமெந்து மூட்டையும் அம்மம்மாவும் கூட வருவதென்றால் நான் டீசல் பக்கம்தான்.