ஈரக் கையும் 30 நொடிப் பொத்தானும்: ஐந்தாண்டு ஒலிநூல் அனுபவம்

சென்ற மாதம் என் தொலைபேசியின் பேட்டரி உப்பிக்கொண்டது. பின்மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பயந்துபோய்க் கடையில் கொடுத்தேன். பேட்டரியை மாற்றி, வேறு ஏதோ கோளாறும் இருந்தது என்று உள்ளே இருந்த அனைத்தையும் அழித்து, புதிது போலத் திருப்பித் தந்தார்கள். புகைப்படங்கள் மீண்டும் வந்துவிட்டன. தொடர்பு எண்கள் வந்துவிட்டன. காசு கொடுத்து வாங்கிய ஒலிநூல்களும் வரிசையாக வந்து நின்றன. வராமல் போனவை நான் அவற்றில் இடம் அடையாளத்துக்காகப் போட்டு வைத்திருந்த குறிகள். ஐந்து ஆண்டுகளில் 212 குறிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வரிக் குறிப்பு. அந்தச் செயலி அவற்றைத் தொலைபேசிக்குள் மட்டுமே வைத்திருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதே வாரத்தில்தான் அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருக்கும் பெண் கேட்டாள்: "அக்கா, ஒலிநூல் சந்தா விலை குறைந்திருக்கிறதாமே. நீங்கள் வருடக்கணக்கில் கேட்கிறீர்கள். எடுக்கலாமா?" எடுத்த எடுப்பில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஐந்து ஆண்டு அனுபவத்துக்கு ஒரு சொல் பதில் போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மெய்ப்புப் பார்ப்பவள். பகல் முழுவதும் தாளில் சந்திப் பிழையையும் எழுத்துப் பிழையையும் தேடிய கண்ணுக்கு, மாலையில் இன்னொரு பக்கத்தைக் காட்ட மனம் வருவதில்லை. ஆனால் சிறுவயதிலிருந்து என்னைப் பிடித்து வைத்திருப்பவை மாயப்புனைவும் அறிவியல் புனைவும். அவையோ தலையணை கனத்தில் வருபவை. அதனால்தான் காதுக்கு மாறினேன். இரவுச் சமையலுக்கு ஒன்றரை மணி நேரம், காலையில் முக்கால் மணி நேரம். இந்தக் கணக்கில் ஒரு பெரிய நாவல் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

இனி அந்தக் குறை. கேட்கத் தொடங்கிய முதல் நாளிலிருந்து இன்றுவரை என்னை உறுத்தும் ஒரே குறை அதுதான்: திரும்பிப் பார்க்க முடிவதில்லை.

புளி கரைத்துக்கொண்டிருப்பேன். கை மணிக்கட்டுவரை புளித்தண்ணீர். அந்த நேரம் பார்த்துக் கதையில் ஒரு பெயர் வரும், முன்பே கேட்ட பெயர் போல இருக்கும். யார் இவர், அரண்மனையில் வந்தவரா, வழியில் வந்தவரா? அச்சுப் புத்தகம் என்றால் கட்டைவிரல் தானாகவே பத்துப் பக்கம் பின்னால் போய்த் தேடிக்கொண்டு வந்துவிடும். இடதுபக்கத் தாளில், மேலிருந்து மூன்றாவது பத்தியில் பார்த்தோம் என்று கண்ணுக்கு நினைவிருக்கும். ஒலிநூலில் இருப்பதோ 30 நொடி பின்னால் போகும் ஒரு பொத்தான். ஈர விரல் பட்டால் திரை ஏற்காது. புறங்கையால் தட்டினால் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடும். கையைக் கழுவி, துடைத்து, பின்னால் போய், போதாமல் இன்னும் பின்னால் போய், அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் அடுப்பில் தாளிப்பு கருகிவிடும். கண்டுபிடிக்காமல் விட்டால் அடுத்த அரை மணி நேரம் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது புரியாது. இரண்டும் எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது.

மற்ற வகை நாவல்களில் இது இவ்வளவு வலிக்காது. ஒரு குடும்பக் கதையில் 'சித்தப்பா' என்று கேட்டால் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும். மாயப்புனைவிலும் அறிவியல் புனைவிலும் உலகமே புதிது. ஊர், மதம், அளவை, ஆயுதம் எல்லாவற்றுக்கும் புதுப் பெயர். 1965இல் வந்த 'டூன்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியில் 21 மணி நேரம் ஓடுகிறது. முதல் அத்தியாயத்திலேயே கோம் ஜப்பார், பெனி ஜெஸரிட் என்று விளக்கம் இல்லாத சொற்கள் வந்து விழும். ஆசிரியர் ஃபிராங்க் ஹெர்பர்ட் வாசகரைத் தவிக்க விடவில்லை. புத்தகத்தின் பின்பகுதியில் ஒரு சொல்லகராதியே தந்திருக்கிறார். அச்சில் படித்தபோது அங்கே ஒரு விரலை வைத்துக்கொண்டேதான் படித்தேன். கேட்பவருக்கு அந்த விரல் இல்லை. நாவலின் ஒரு பகுதியாக எழுதப்பட்ட அகராதி, தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாத இடத்தில் கிடக்கிறது. வரைபடமும் அப்படித்தான். மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்தான் சண்டையே இருக்கும். வரைபடத்தைக் காதால் பார்க்க முடியாது.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்சி மாறும் இடத்தில் அச்சில் ஒரு வரி வெற்றிடம் விடுவார்கள். அந்த வெற்றிடம் விடுபட்டிருந்தால் சிவப்பு மையில் குறித்துக் கேட்பது என் வேலை. ஒலியில் அதற்குக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம். குக்கர் விசில் அந்த மூச்சை விழுங்கிவிட்டால், விண்கலத்தில் இருந்தவர் எப்படி வகுப்பறைக்கு வந்தார் என்று விழிக்க வேண்டியதுதான். அந்த இடத்தில் இரண்டு நொடி மணியோசை வைக்க என்ன செலவாகும்?

இந்தக் குறைக்கு நானே கண்டுபிடித்த மருந்துதான் குறி போடுவது. புதுப் பெயர் வந்தால் உடனே ஒரு குறி, பக்கத்தில் "பார்த்தது இங்கே, தளபதியின் தங்கை" என்று ஒரு வரி. 212 குறிகள் என்றால் 212 முறை கை துடைத்திருக்கிறேன். அவைதான் போயின. என் பதில் ஒரே சொல்லில் வந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இந்த ஐந்தாண்டுகளில் காது எனக்குக் கொடுத்ததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் மோதிரக் கதையை, அதாவது 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மாயப்புனைவு நாவலை, அச்சில் மூன்று முறை படித்தவள் நான். அதில் வரும் ஓர் ஆளின் பெயரையும் ஓர் இடத்தின் பெயரையும் 'செலிபோர்ன்', 'சிரித் உங்கோல்' என்றே இருபது ஆண்டுகள் மனத்துக்குள் உச்சரித்து வந்தேன். ஒலியில் கேட்டபோது 'கெலெபோர்ன்' என்று வந்தது. தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு மூன்றாம் தொகுதியை எடுத்துப் புரட்டினேன். பின்னிணைப்பில் டோல்கீன் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: கதைக்காக அவர் உருவாக்கிய மொழிகளின் பெயர்களில் ஆங்கில 'சி' (c) எழுத்து எப்போதும் ககரம்தான், சகரம் இல்லை. மூன்று முறை படித்தும் அந்தப் பின்னிணைப்பை நான் தொட்டதில்லை. இன்னொன்றையும் அங்கே கண்டேன். ஆங்கில எழுத்தில் டி, ஹெச் (dh) என்று சேர்த்து அவர் எழுதுவது, நாம் 'அது', 'இது' என்று சொல்லும்போது மெலிந்து வருகிறதே, அந்தத் தகர ஒலி. நம் நாக்கு அன்றாடம் சொல்லும் ஒலி அந்தக் கற்பனை மொழியில் மரத்துக்கும் மலைக்கும் பெயராக இருக்கிறது. அன்று முழுவதும் அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பாட்டுகளும் அப்படியே. அச்சில் சாய்வெழுத்தில் பாட்டு வந்தால் கண் தாண்டிப் போய்விடும். 1990இல் ராப் இங்கிலிஸ் பதிவு செய்த முழு வாசிப்பில் அவர் அவற்றைப் பாடுகிறார். தேர்ந்த பாடகர் குரல் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பெரியவர் ஒருவர் நினைவிலிருந்து பாடுவது போல இருக்கும். கதைக்குள் அவற்றைப் பாடுபவர்களும் நடந்து களைத்தவர்கள்தாமே. கை வேலையாக இருந்ததால் தாண்ட முடியவில்லை. அதனால்தான் அந்தப் பாட்டுகளை முதன்முறையாக முழுதாகக் கேட்டேன். திரும்பிப் பார்க்க விடாத அதே குறை இங்கே எனக்கு நன்மை செய்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தன் கதையைக் காதால் கேட்டு மகிழ்வது டோல்கீனுக்கே நடந்திருக்கிறது. 1952இல், நாவல் இன்னும் அச்சேறாமல் கிடந்த நேரம். மால்வெர்ன் என்ற ஊரில் ஜார்ஜ் சேயர் என்ற நண்பரின் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டினார்கள். அதற்குள் இருக்கக்கூடிய பேயை விரட்ட வேண்டும் என்று, முதலில் பழைய கோத்திக் மொழியில் ஒரு ஜெபத்தைச் சொல்லிவிட்டு, பிறகு தன் கதையிலிருந்து வாசித்தார். தன் குரலில் தன் எழுத்தைக் கேட்டதும் அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்தப் பதிவுகள் பிற்காலத்தில் இசைத்தட்டாகவும் வந்தன. நாவலின் முதல் தொகுதி அச்சானது 1954இல். ஆக, இந்தக் கதையின் சில பகுதிகள் அச்சைப் பார்க்கும் முன்பே ஒலியாகிவிட்டன.

இவை எல்லாவற்றையும்விட மேலாக ஒன்று இருக்கிறது. ஆண்டி வெய்ர் எழுதி 2021இல் வந்த 'புராஜெக்ட் ஹெயில் மேரி' என்ற அறிவியல் புனைவு நாவல். கதையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போக விரும்புகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

அதில் வேற்றுக் கிரகத்து உயிர் ஒன்று வருகிறது. மனிதன் அதற்கு வைக்கும் பெயர் ராக்கி. அதன் பேச்சு சொற்களால் ஆனதல்ல, சுரங்களால் ஆனது. அச்சில் அந்த இடங்களில் இசைக்குறிகளைப் போட்டிருப்பார்கள். கண் அவற்றைப் பார்க்கும், காது ஒன்றும் கேட்காது. ஒலிநூலில் ரே போர்ட்டர் வாசிக்கிறார், ராக்கி வாய் திறக்கும்போது உண்மையாகவே சுரங்கள் ஒலிக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக மனிதனுக்கு அந்த மொழி புரியத் தொடங்குகிறது, நமக்கும் புரியத் தொடங்குகிறது. ராக்கியின் பேச்சில் கேள்வி என்பதைக் காட்டும் சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு அது விசித்திரமாக இருக்கலாம். 'வந்தாயா', 'உண்டாயா' என்று கடைசியில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்துக் கேட்டே வளர்ந்த எனக்கு, அது சொந்த ஊர்க்காரர் பேசுவது போல இருந்தது. வியப்பு வந்தால் ராக்கி ஒரே சொல்லை மூன்று முறை அடுக்கிச் சொல்லும். விரைவில் வரும் அடுக்குக்கு மூன்று வரம்பு என்கிறது தொல்காப்பியம். 'தீ தீ தீ' என்று பள்ளியில் படித்த எடுத்துக்காட்டு, எங்கோ ஒரு விண்கலத்திலிருந்து என் சமையலறைக்கு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டேன். அன்று வீட்டில் எல்லாரும் இரவு பத்து மணிக்குத்தான் சாப்பிட்டார்கள்.

ஒலிநூல்களுக்காக வழங்கப்படும் ஆடி (Audie) விருதில் 2022ஆம் ஆண்டின் சிறந்த ஒலிநூலாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 16 மணி நேரம். இருமுறை கேட்டுவிட்டேன். அச்சுப் பிரதியையும் வாங்கிப் பார்த்தேன். அந்த நாவலுக்கு அச்சு போதாது.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. வேகத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள், வாசிப்பவர் விட்ட மூச்சும் கதையில் சேர்ந்தது. தூக்கத்துக்கு முன் கேட்டால் நேரம் குறித்து நிறுத்தும் வசதியைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் விடியும்போது கதையில் ஓர் அரசர் செத்திருப்பார். வாங்கும் முன் மாதிரியைக் கேளுங்கள். குரல்தான் எல்லாம். 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலில் ராய் டாட்ரிஸ் தனி ஒருவராக 224 பாத்திரங்களுக்குக் குரல் வேறுபடுத்திக் கின்னஸில் இடம்பெற்றார். அப்படிப்பட்ட குரல் வாய்த்தால் பெயர் மறந்தாலும் ஆளைக் காது அடையாளம் கண்டுவிடும். தமிழிலும் இப்படிப்பட்ட பெரிய கற்பனை உலகங்களை முழு நீளத்தில், ழகரமும் றகரமும் பிழைக்காத குரலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

இனி அந்தப் பெண்ணுக்குப் பதில். இவ்வளவு சொன்ன பிறகும் ஆண்டுச் சந்தா வேண்டாம் என்றே சொல்வேன். விலை பாதியாகக் குறைந்தாலும் வேண்டாம். நீ படிக்காத பெரிய கதை எதையும் முதல்முறை காதால் கேட்காதே. முதலில் தாளில் படி, வரைபடத்தைப் பார், பெயர்களைத் தெரிந்துகொள், பிறகு கேள். என் சமையல் மேடைக்கு மேல் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டும், நூலில் கட்டிய பென்சிலும் தொங்குகின்றன. மோதிரக் கதையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். கெலெபோர்னும் அவர் மனைவி கலாட்ரியேலும் தமிழில் ஒரே ககர வரிசையில், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். இதை எந்தக் கடைக்காரரும் அழிக்க முடியாது.

ராக்கி வரும் புத்தகத்தை மட்டும் தனியாக விலை கொடுத்து வாங்கிக்கொள். அதைப் படிக்காமலே கேள். சமையல் முடித்து, கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து கேள்.