2.5 டன் ஹேண்ட் பேலட் டிரக்: டன் கணக்கைக் கடைசியில் பாருங்கள்

ஹேண்ட் பேலட் டிரக் என்பது, சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டைத் தூக்கி நகர்த்தும் கைவண்டி. பேலட்டுக்கு அடியில் நுழையும் இரண்டு நீளக் கைகள்தான் ஃபோர்க். ஃபோர்க் நீளம் 1150 மி.மீ., வெளி அகலம் 550, முழுக்க இறக்கினால் 85 மி.மீ. உயரம், முழுக்கத் தூக்கினால் 200. சந்தையில் கிடைக்கும் 2.5 டன் வண்டிகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய இந்த அளவில்தான் வருகின்றன. வாங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எத்தனை டன் தாங்கும் என்று. யூரோ பேலட்டுக்கு (1200 x 800 மி.மீ. தர அளவுப் பேலட்) அனுமதித்த சுமையே 1500 கிலோதான். அந்த வேலைக்கு 3 டன் வண்டி வாங்கியும் பெரிய லாபமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஃபோர்க் நீளம். 1200 நீளப் பேலட்டுக்கு 1150 அளவெடுத்தாற்போல் பொருந்தும். சிக்கல், ஃபோர்க் நுழையும் திசையில் பேலட் 1000 மி.மீ. மட்டுமே இருக்கும்போதுதான். ஃபோர்க் முனை 150 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு, பின்னால் நிற்கும் பேலட்டைக் குத்தும். அடியில் சுற்றிலும் பலகை அடித்த பேலட் என்றால் இன்னும் மோசம்: ஃபோர்க் முனையின் அடியிலுள்ள சிறு சக்கரமான முனை ரோலர் கடைசி அடிப்பலகையின் மேல் உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் பம்ப் அடித்தால் ரோலர் பலகையைக் கீழே அழுத்தும், ஃபோர்க் மேல்தளத்தை மேலே தள்ளும், ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். 'பேலட் தரமில்லை' என்று ஒதுக்கப்படுபவற்றில் பல இப்படிச் செத்தவைதான். ஃபோர்க் தொடங்கும் இடத்திலிருந்து, அதாவது கைப்பிடிப் பக்கத்திலிருந்து, 150 மி.மீ. தள்ளி ஒரு பெயின்ட் கோடு போட்டு, பேலட் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்கும்படி நுழைத்தால் இரண்டு தொல்லையும் தீரும். 1000 அளவு மட்டுமே புழங்கும் இடமென்றால் குட்டை ஃபோர்க் வண்டியாகவே வாங்கிவிடலாம்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். யூரோ பேலட்டின் நுழைவு வாய் 100 மி.மீ.; 85 மி.மீ. ஃபோர்க்குக்கு மிஞ்சுவது 15 மட்டுமே. மெலிந்த ஒருமுறைப் பேலட்டுகளில் அதுவும் இருக்காது.

சக்கரத்தில் நைலானா பாலியூரித்தேனா என்பது தரையைப் பொறுத்தது. நைலான் பெருஞ்சுமையிலும் லேசாக உருளும். ஆனால் சத்தம் அதிகம், எபாக்ஸி தரையைக் கீறும், ஈரத்தில் வழுக்கும். பாலியூரித்தேன் சத்தமில்லாமல் தரையைப் பிடித்து ஓடும், தள்ளக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். சுமையோடு நாள்கணக்கில் நிறுத்தினால் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். முனையில் ஒற்றை ரோலரைவிட இரட்டை ரோலர் நல்லது. தரை இணைப்புகளில் இடறுவது குறையும்.

ஹைட்ராலிக் பகுதி எளிமையானது, அதனால்தான் நீடித்து உழைக்கிறது. புது வண்டி பம்ப் அடித்தும் எழாவிட்டால் பெரும்பாலும் உள்ளே காற்று. சுமையில்லாமல், கைப்பிடியிலுள்ள லீவரை 'இறக்கு' நிலையில் பிடித்தபடி கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை முழு வீச்சில் அடித்தால் சரியாகிவிடும். தூக்கிய சுமை தானாக மெல்ல இறங்கினால் உடனே ஓ-ரிங்கை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சந்தேகிக்க வேண்டாம். லீவரிலிருந்து வரும் செயின் இறுக்கமாக இருந்து வால்வைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கலாம். சரிசெய்யும் நட்டை முதலில் பாருங்கள்.

பெரிய குறை, சாதாரண மாடலில் பிரேக் கிடையாது. சரிவு இதற்கான இடமே இல்லை. தவிர்க்கவே முடியாதபோதும் சுமைக்குக் கீழ்ப்பக்கம் ஆள் நிற்கக் கூடாது. விட்டுப் போகும்போது ஃபோர்க் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். சுமையைத் தூக்கியபடி நிறுத்திய வண்டி யாராவது இடித்தாலே உருளும்.

200 மி.மீ. உயரம் வரை மட்டுமே தூக்குவதால் அடுக்கும் வேலைக்கு இது உதவாது. காலிப் பேலட்டுகளைக் கையால்தான் அடுக்கியாக வேண்டும். யூரோ பேலட் ஒன்று சுமார் 25 கிலோ, நனைந்தால் இன்னும் கூடும். இரண்டு பேர் பிடிப்பதே சரி. ஒரே அளவுப் பேலட்டுகளைப் படுக்கை வசமாக, நெஞ்சு உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடம் மிச்சமாகிறதென்று சுவரில் சாய்த்து நிறுத்தும் பழக்கம் எங்கும் இருக்கிறது. லேசாகத் தட்டினாலும் சரிந்து கால்மேல் விழும். ஆணி துருத்தியது, கட்டை உடைந்தது தனியாகப் போகட்டும். அடுக்குக்குள் காற்று புகுந்து போவதால் தீ வேகமாகப் பிடிக்கும்; வெளியேறும் வழி, மின் பலகை, பேட்டரி சார்ஜர் பக்கம் வேண்டவே வேண்டாம்.

சமதளத் தரை, குறுகிய தூரம், ஒரே அளவுப் பேலட் என்றால் தாராளமாக வாங்கலாம். அடுக்க வேண்டியிருந்தால் உயரத் தூக்கும் வண்டியான ஸ்டாக்கர் பக்கம் போங்கள். வாரம் ஒருமுறை சுமையில்லாமல் முழுக்கத் தூக்கி, வண்டியை மெல்லத் தள்ளி முனை ரோலர்கள் உருளுகின்றனவா என்று பாருங்கள்: ஸ்ட்ரெச் ஃபிலிமும் பிளாஸ்டிக் பட்டையும் அச்சில் சுற்றிக்கொண்டால் ரோலர் உருளாமல் இழுபடும், ஒரு பக்கமாகத் தேயும்.