பலகையில் இறாத்தல் விலை, சீட்டில் கிலோ விலை: ரொறன்ரோ கடைகளில் கவனம்

ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் மரக்கறியும் இறைச்சியும் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டிய பதிவு இது. கடையின் பெயரைப் போடவில்லை. இந்த விளையாட்டு ஒரு கடையோடு நிற்பதும் இல்லை.

நடந்தது இதுதான். ஆட்டிறைச்சி இறாத்தல் 8.99 டொலர் என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. 5 இறாத்தல் கேட்டதற்கு வந்த பொதியின் ஒட்டுச்சீட்டில் 2.268 கிலோ, கிலோ 22.02, மொத்தம் 49.94 என்று இருந்தது. நிறை சரி, பெருக்கலும் சரி. ஆனால் கிலோ 22.02 என்றால் இறாத்தல் 9.99. பலகை விலைப்படி கிலோ 19.82 தான், மொத்தம் 44.95 வர வேண்டும். ஒரே பொதியில் ஏறக்குறைய 5 டொலர் கூடப் போயிருக்கிறது. கேட்டதும் "அது போன கிழமை விலை" என்று சொல்லிப் பலகையைக் கழற்றினார்கள். போன கிழமை விலை என்றால் பலகையைப் போன கிழமையே கழற்றியிருக்க வேண்டும். வாங்கும் நேரத்தில் தொங்கிய விலைதான் கணக்கு.

மலிவு விலை போடும்போது பலகையை மாற்றுவார்கள், தராசுக்குள் பதிந்திருக்கும் விலையை மாற்ற மாட்டார்கள். வேண்டுமென்றும் நடக்கலாம், அசட்டையாலும் நடக்கலாம். காசு போவது எங்களுக்குத்தான். பலகை இறாத்தலிலும் சீட்டு கிலோவிலும் இருப்பதால் அவசரத்தில் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கிலோ ஏறக்குறைய 2.2 இறாத்தல், அதனால் இறாத்தல் விலையை 2.2 ஆல் பெருக்குங்கள், போதும். 8.99 என்றால் 20க்குக் கொஞ்சம் கீழே வரும். சீட்டில் அதைவிடத் தெளிவாகக் கூட இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வெட்டிய பிறகு வாக்குவாதப்படுவதைவிட, நிறுக்கும்போதே "கிலோ எவ்வளவு விழுகுது அண்ணை?" என்று கேட்பது சுலபம்.

அடுத்தது இறைச்சியை வைத்து நிறுக்கும் தட்டின் நிறை. கனடாச் சட்டப்படி பொதிக்கான நிறையைக் கழித்துவிட்டு இறைச்சியின் நிறைக்கு மட்டும்தான் காசு எடுக்கலாம். வெறும் தட்டை வைத்தால் தராசு 0 காட்ட வேண்டும், தட்டைத் தூக்கினால் கழித்தல் குறியோடு ஒரு எண் வர வேண்டும். தட்டைத் தூக்கியும் 0 நின்றால் தட்டு, அடியில் வைக்கும் உறிஞ்சு தாள், பை எல்லாம் ஆட்டிறைச்சி விலைக்குப் போகின்றன. 30 கிராம் என்றாலும் கிலோ 19.82க்கு 59 சதம். சின்னத் தொகைதான், ஆனால் ஒவ்வொரு பொதியிலும் போகிறது. தராசின் எண்கள் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னால் பெட்டி அடுக்கி மறைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

தொடை கேட்டால் தொடையை நிறுத்துக் காட்டிவிட்டு, வெட்ட உள்ளே கொண்டுபோவார்கள். திரும்பி வரும் பையில் கழுத்தும் விலா எலும்பும் கலந்திருக்கும். கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள், வெட்டியதை மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள். எலும்பு அறுக்கும் வாளில் போகும் தூளால் சில பத்துக் கிராம் குறைவது இயல்பு. மீனை முழுதாக நிறுத்துப் பிறகு துப்புரவாக்குவதும் வழமைதான், ஏமாற்றல்ல. தலையும் குடலும் கழிந்தால் மூன்றிலொரு பங்கு வரை குறையலாம் என்று தெரிந்து வாங்குங்கள்.

உறைந்த மீனிலும் இறாலிலும் ஐஸ் பூச்சு இருக்கும். அது மீன் காய்ந்து போகாமல் காப்பதற்கு, தவறில்லை. ஆனால் பொதியில் போடும் தேறிய நிறையில் அந்த ஐஸ் சேரக் கூடாது. வீட்டில் சோதிக்கலாம்: பொதியைப் பிரித்து, துண்டுகளை அரிதட்டில் வைத்து, குளிர்ந்த தண்ணீரில் மேலே உள்ள ஐஸ் படலம் போகும்வரை மட்டும் கழுவுங்கள். இரண்டு நிமிடம் சாய்த்து வடியவிட்டு நிறுங்கள். முழுக்க உருகவிட வேண்டாம், மீனின் சொந்த நீரும் போய் உங்கள் கணக்கே பிழைக்கும். 907 கிராம் என்று 13.99க்கு விற்ற பொதியில் 720 கிராம்தான் நின்றால், கிலோ 15.42 என்று நினைத்தது 19.43 ஆகிவிடுகிறது. கழுவுவதற்கு முன்னும் பின்னும் தராசோடு படம் எடுத்து, வெளி உறையையும் வைத்திருங்கள்.

பெரிய சங்கிலிக் கடைகளில் பொருள் அடுக்கிய தட்டில் ஒரு விலையும் கல்லாவில் அதைவிடக் கூடின விலையும் விழுந்தால் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. 2002 முதல் இருக்கும் தன்னார்வ ஸ்கானர் விலைக் கோவையில் (கல்லாவில் விலை பிழைத்தால் என்ன செய்வது என்று கடைகள் தாமாக ஏற்கும் விதிகள்) சேர்ந்த கடை, சரியான விலை 10 டொலர் வரை என்றால் பொருளை இலவசமாகத் தர வேண்டும், அதற்கு மேல் என்றால் 10 டொலர் கழிக்க வேண்டும். ஒரே பொருள் இரண்டு வாங்கினால் முதலாவதற்குத்தான் இது, மற்றதுக்குச் சரியான விலை. பொருளிலேயே தனியாக விலை ஒட்டியிருந்தால் இந்தக் கோவை பொருந்தாது. சிறிய தமிழ்க் கடைகள் பெரும்பாலும் இதில் இல்லை. ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு விலை தெரியும்படி போட்டிருந்தால் குறைந்ததற்கே விற்க வேண்டும் என்ற போட்டிச் சட்டம் எல்லாக் கடைக்கும் உண்டு. அடுக்குத் தட்டில் உள்ள விலையைக் கைபேசியில் படம் எடுங்கள், கீழே பொடி எழுத்தில் உள்ள முடிவுத் தேதியும் விழட்டும்.

வரியை யாரும் பார்ப்பதில்லை. அரிசி, மா, பருப்பு, மரக்கறி, மீன், இறைச்சி, முட்டை, மிளகாய்த்தூள் எதற்கும் ஒன்ராறியோவில் 13 வீத எச்எஸ்டி (விற்பனை வரி) கிடையாது. மிக்சர், முறுக்கு, உப்புப் போட்ட கச்சான், சோடா, சூடான ரோல்ஸ் ஆகியவற்றுக்கு வரி உண்டு. கணினியில் பொருளைப் பிழையான வகையில் பதிந்துவிட்டால் 19.99 அரிசிப் பைக்கு 2.60 டொலர் வரி விழும். பற்றுச்சீட்டில் வரிக் குறி எந்தப் பொருட்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கடைக்குள் நின்றே பாருங்கள்.

கடைக்காரர் திருத்தினால் அதோடு விடுங்கள், பெரும்பாலானோர் திருத்துவார்கள். மறுத்தால் தராசு, நிறை பற்றிய முறைப்பாடு, அளவைகளைக் கண்காணிக்கும் அரச அமைப்பான மெஷர்மென்ட் கனடாவுக்கு. பொதியில் அச்சிட்ட நிறை பிழை என்றால் கனடிய உணவுப் பரிசோதனை முகவரகத்துக்கு. இரட்டை விலை என்றால் போட்டிப் பணியகத்துக்கு. பிழையாக எடுத்த வரியைக் கடை தராவிட்டால் ஜிஎஸ்டி 189 என்ற படிவத்தை நிரப்பி, செலுத்திய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கனடா வருமான முகவரகத்திடம் கேட்கலாம். வெப்பத்தாளில் அடித்த பற்றுச்சீட்டு சில மாதங்களில் வெளிறிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.