கெய்சர் வீதியில் துணி எடுக்கும்போது

கொழும்பு புறக்கோட்டை கெய்சர் வீதிக் கடைகளில் துணி மலிவு, தெரிவும் ஏராளம், வெளிச்சம்தான் மோசம். டியூப் லைட்டில் மெரூனாகத் தெரிந்த துணி வாசல் வெயிலில் பழுப்படிக்கும். "இதுதான் இப்ப ஓடுது அக்கா" என்று விரித்துப் போடும் குவியலை விட்டுவிட்டு, நுழைந்ததும் உங்கள் கண் போய் நின்ற துணியையே கேளுங்கள். வாசல் வெயிலிலும் அதன் நிறம் பிடித்தால், அந்த முதல் விருப்பம் அநேகமாகத் தவறாது.

தரத்தைக் கைதான் சொல்லும். ஓரத்தைப் பத்து விநாடி இறுக்கிக் கசக்கி விடுங்கள். சுருக்கமே விழாமல் நிமிர்ந்தால் பெரும்பாலும் பொலியெஸ்டர் கலப்பு. கொழும்பு வெக்கையில் வியர்வையை உறிஞ்சாமல் முதுகோடு ஒட்டும். ஈர வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் பாருங்கள். பருத்தி என்றால் மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் கூட்டி வாங்கி, தைக்கக் கொடுக்க முன் இரவு முழுக்க ஊறவிட்டுக் காயவையுங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே கை நீளம் குறையும்.