தையல் நூலில் 3,840 ரூபாய் போச்சு, நீங்களும் மாட்டாதீர்கள்

மெஷினில் தைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நேற்று ராத்திரியிலிருந்து தைத்ததையெல்லாம் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நூலுக்குக் கொடுத்த 3,840 ரூபாய் போனது போனதுதான். நூலை எப்படிப் பார்த்து வாங்கணும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு ஆன்லைன் விற்பனைத் தளம். பெயர் வேண்டாம், சொன்னால் பதிவையே தூக்கிவிடுவார்கள். 24 கோன் நூல், பல நிறம், 'நூறு சதவீதம் காட்டன், 40/2, மெஷின் தையலுக்கு' என்று போட்டிருந்தது (40 என்பது இழையின் பருமன் எண், 2 என்பது சேர்த்து முறுக்கிய இழைகள்). 30 தலையணை உறைக்கு எனக்கு ஆர்டர் வந்திருந்த நேரம். சந்தேகம் வராமல் இல்லை, விற்பவரிடம் கேட்டேன். "நானும் மெஷின்ல உட்கார்ற ஆளுதான் அக்கா, மோசமான நூலை உங்களுக்குத் தருவேனா?" என்று பதில். கூடவே ஒரு வீடியோ: நூலை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுக்கிறார், அறுந்துபோகவே இல்லை. அந்த 'அக்கா'வில்தான் விழுந்தேன். முழுப் பணத்தையும் முன்னாடியே அனுப்பினேன்.

கோனைக் கையில் எடுத்ததுமே உறுத்தியது. வெளிச்சத்தில் பிடித்தால் நூல் நெடுகப் பிசிறு, ஓர் இடம் தடிப்பு, அடுத்த இடம் மயிர் மாதிரி மெலிசு. விரலுக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் லேபிளை நம்பினேன்.

ஐந்தாவது உறையில் அறுந்தது. கோர்த்தேன், மறுபடி அறுந்தது. பார்த்தால் சில மீட்டருக்கு ஒரு முடிச்சு! ஊசி நூல் நேரே துணிக்குள் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. தையலில் இறுகுவதற்குள் ஒரே துண்டு ஊசிக் காதில் பல தடவை மேலும் கீழும் உரசுகிறது. முடிச்சு அங்கே சிக்கினால் பட்டென்று போய்விடும். நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் பஞ்சு, அடிநூல் இருக்கிற பாபின் கேஸைக் கழற்றினால் அதற்குள்ளும் ஒரு பஞ்சு உருண்டை. 14ஆம் நம்பர் புது ஊசி மாற்றினேன், டென்ஷனைத் தளர்த்தினேன், ஒப்பேற்றி முடித்தேன். தலையணையைத் திணித்ததும் ஓரம் நெடுக வாய் பிளந்தது.

ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் ஊதினால் பறக்கும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. பாலியஸ்டர். (பாலியஸ்டர் ஒன்றும் மட்டமில்லை, நல்லதாக இருந்தால் காட்டனைவிட உறுதி. பொய் சொன்னதுதான் எரிகிறது.) என் கணக்குக்கு இது ஓவர்லாக்கில் (துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற மெஷின்) ஓட்டுகிற மெலிசு நூல், மிச்சம் மீதியை முடிந்து சுற்றியிருக்கிறார்கள். வீடியோவில் இழுத்தது வேறு நூலாகத்தான் இருக்கணும்.

விற்றவரிடம் சொன்னதற்கு, "உங்க மெஷின் டென்ஷனைப் பாருங்க அக்கா." மறுநாள், "ஊசி பழசா இருக்கும்." படமெல்லாம் அனுப்பியதும் அக்கா போய் மேடம் வந்தது: "கவர் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல மேடம்." கவரைப் பிரிக்காமல் தைத்துப் பார்ப்பது எப்படி, சாமி? தளத்துக்காரர்களுக்கு நாலு தடவை எழுதினேன். மூன்று தடவை ஒரே பதில், எழுத்து மாறவில்லை. நாலாவதாக, 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' என் 3,840 ரூபாய் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கிறது, எது தீர்ந்தது?

சரி, விவரமாகச் சொல்ல இப்போது பொறுமை இல்லை. முதலில் ஒரே ஒரு கோன் வாங்குங்கள். சுண்டி இழுங்கள், கொளுத்துங்கள். அடர் நிறமென்றால் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் தொடாதீர்கள். டிக்கெட் நம்பர் (நூலின் பருமனைக் காட்டுகிற எண்) கூடக்கூட நூல் மெலிசு, அதைத் தலைகீழாக நினைத்து வாங்காதீர்கள். கோன் வந்த பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்.

இன்னும் 9 உறை பிரிக்கக் கிடக்கிறது, வருகிறேன்.