ஆள் போயாச்சு, லைசென்ஸ் போகவில்லை: ஸ்னைப்-ஐடியோடு மூன்று வருடம்

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சாஃப்ட்வேர் ரின்யூவல் வந்தாலும் என்னைத்தான். 2022-இல் ஒரு நாள் முதலாளி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏந்தம்பி, எழுபத்திரண்டு பேருக்கு மெயிலுக்குக் காசு கட்டறோம், நம்ம ஆபீஸ்ல அத்தன பேரு எங்க இருக்கறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. எக்ஸெல் ஷீட் ஒன்று இருந்தது, ஆனால் அதைக் கடைசியாகத் திறந்தது எப்போது என்று எனக்கே ஞாபகமில்லை. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் பதினொரு சீட் (ஒரு சீட் என்றால் ஓர் ஆளுக்கான லைசென்ஸ்), வேலையை விட்டுப் போனவர்கள் பெயரில். ஒருவர் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, அவருக்கு வரும் பர்ச்சேஸ் மெயில்களை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் மாதாமாதம் காசு போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஸ்னைப்-ஐடி போட்டேன், கம்பெனியின் மெஷின்களும் லைசென்ஸ்களும் யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் சாஃப்ட்வேர். இலவசம், ஓப்பன் சோர்ஸ், சும்மா கிடந்த டெஸ்க்டாப்பில் லினக்ஸ் ஏற்றி அதிலேயே ஓடுகிறது. ஒரு லைசென்ஸைப் பதிந்து இத்தனை சீட் என்று கொடுத்தால், ஒவ்வொரு சீட்டையும் ஆளுக்கோ மெஷினுக்கோ ஒதுக்கலாம். ஒருவர் பெயரைத் தட்டினால் அவரிடம் இருக்கும் லேப்டாப், மானிட்டர், சாஃப்ட்வேர் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். ஆள் வேலையை விடும் நாளில் இந்த ஒரு பக்கம் போதும்.

ஆனால் ஒன்று, இது தானாக எந்த மெஷினையும் போய்ப் பார்க்காது. நீங்கள் தட்டுவதுதான் அதற்குத் தெரியும். மெஷினில் என்னென்ன இன்ஸ்டால் ஆகியிருக்கிறது என்று ஏஜென்ட் (ஒவ்வொரு மெஷினிலும் போடும் சின்ன புரோகிராம்) வைத்து எடுக்க வேண்டுமென்றால் ஜிஎல்பிஐ என்ற இன்னொரு சாஃப்ட்வேர் பக்கம் போகலாம். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன், எங்கள் அளவுக்கு அது யானைச் சாப்பாடு, விட்டுவிட்டேன்.

முதல் வருடம் நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் முடியும் முன்னால் மெயில் வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் வரவில்லை, ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் முழுக்க ஆன்டிவைரஸ் சிவப்பு எச்சரிக்கை காட்டியபோதுதான் தெரிந்தது. சர்வரில் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) ஒரு வரி சேர்க்க வேண்டும், அதைச் சேர்க்காவிட்டால் எந்த நினைவூட்டலும் கிளம்பாது. இன்ஸ்டால் குறிப்பிலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

சரி, காசு எங்கே மிச்சமானது? பெரும்பகுதி மைக்ரோசாஃப்ட் 365-இல். போனவர்களின் மெயில்பாக்ஸை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றிவிட்டால் 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் வேண்டாம், பழைய மெயிலும் போகாது, வேறு இருவர் திறந்து பார்க்கவும் செய்யலாம். முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் லைசென்ஸை எடுக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் 30 நாளுக்குள் திரும்ப லைசென்ஸ் போட்டு மீட்க வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு மெயில் போனது போனதுதான். அப்புறம் ஸ்டோர்ஸ், டிஸ்பேட்ச் ஆட்களுக்கு மெயிலும் பிரவுசரில் எக்ஸெலும் போதும் என்பதால் பிசினஸ் ஸ்டாண்டர்டிலிருந்து பிசினஸ் பேசிக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், பழகிவிட்டது.

இதிலும் ஒரு சிக்கல். வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், வாங்கிய அல்லது ரின்யூ ஆன ஏழு நாளுக்குள்தான் சீட்டைக் குறைக்க முடியும், எட்டாம் நாளிலிருந்து வருடம் முழுக்கக் கட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் டீலர் இதைச் சொல்லவே இல்லை, அவருக்கு என்ன நஷ்டம்! மாத ஒப்பந்தம் 20 சதவீதம் கூடுதல், ஆனால் ஒவ்வொரு மாத ரின்யூவலிலும் குறைக்கலாம். இப்போது நிரந்தர ஆட்களுக்கு வருடம், டிரெயினிகளுக்கு மாதம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். ரின்யூவலுக்கு 45 நாள் முன்பே பட்டியலை எடுத்து ஒவ்வொரு டிபார்ட்மென்டாகப் போய்க் கேட்டுவிடுவேன். 72 சீட் இன்று 54.

டிசைன் செக்‌ஷன் வேறு கதை. மூன்று பேர் டிராயிங் போட முழு ஆட்டோகேட் வைத்திருந்தார்கள். வரைவது எல்லாம் 2டி, ஆனால் பழைய லிஸ்ப் ரொட்டீன்கள் (ஆட்டோகேடுக்குள் ஓடும் சின்ன புரோகிராம்கள்) விலை குறைந்த எல்டி பதிப்பில் ஓடாது என்பதற்காகவே பெரிய விலை. 2024 பதிப்பிலிருந்து எல்டியிலும் அவற்றை ஓட்டும் ஆட்டோலிஸ்ப் வந்துவிட்டது. ஒரு மெஷினில் டிரையல் போட்டு, அவர்களையே உட்கார வைத்து ஒரு வாரம் ஓட்டச் சொன்னேன், ஒரே ஒரு ரொட்டீன் மட்டும் தகராறு செய்தது, அதையும் திருத்திக்கொண்டார்கள். டிராயிங்கைத் திறந்து பிரிண்ட் மட்டும் எடுக்கும் குவாலிட்டி ஆட்களுக்கு இலவச டிடபிள்யூஜி ட்ரூவியூ. டாலியில் நான் கைவைக்கவில்லை, அது அக்கவுண்ட்ஸ் அண்ணன் ராஜ்ஜியம்.

ஸ்னைப்-ஐடியில் பிடிக்காதது: அப்டேட். ஏழாவது பதிப்புக்குப் போகும்போது அது எழுதப்பட்ட மொழியான பிஎச்பியையும் புதிய பதிப்புக்கு ஏற்ற வேண்டியிருந்தது, ஒரு சனிக்கிழமை முழுக்க அதிலேயே போனது. பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள்.

இன்னொன்று, சாஃப்ட்வேரைவிட உதவியது ஒரு காகிதம். ஹெச்.ஆர். ரிலீவிங் படிவத்தில் என் கையெழுத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன், அது இல்லாமல் ஃபைனல் செட்டில்மென்ட் போகாது. முன்பெல்லாம் ஆள் போனதே எனக்கு டீக்கடையில்தான் தெரியும்.

இன்னும் பிடிபடாதது சொந்த கார்டில் வாங்கும் சந்தாக்கள். மார்க்கெட்டிங் மேனேஜர் ஏதோ டிசைன் டூலைத் தன் கார்டில் எடுத்துவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கிறார். பில்லில் கம்பெனி ஜிஎஸ்டி நம்பர் இல்லை, அதனால் கட்டிய 18 சதவீத வரியை இன்புட்டாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. லாகின் யார் பெயரில் என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறேன், மூன்று நாளாகப் பதில் இல்லை.